அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைச் சர்க்கரை

1

மெல்போர்னில் நம்மூர்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும், “ஊர்ல அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்கிறார்கள். “நல்லா இருக்காங்க” என்று சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான் முறை. எனக்கோ கை தானாகப் பைக்குள் போகிறது. கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, “ஆறு புள்ளி ஒண்ணு” என்கிறேன். கேட்டவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

சாந்தோமில் தனியாக இருக்கும் என் அம்மாவின் இடது மேற்கையில் ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருக்கிறது. கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் அடியிலிருந்து முடி போன்ற ஓர் இழை தோலுக்குள் இறங்கியிருக்கும். அங்கே ஊறியிருக்கும் நீரில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அம்மாவின் கைப்பேசிக்குச் சொல்லும். அம்மாவின் கைப்பேசி கடல் தாண்டி என் கைப்பேசிக்குச் சொல்லும். அந்த இழையின் மேல் பூசியிருக்கும் பூச்சுதான் எல்லா வேலையும் செய்கிறது. நானோ அளவு என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது, ஆனால் என் தூக்கத்தைக் கெடுக்க அதுவே போதும்.

என் மகள் ரீனாவுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய தமிழ் வருடத்துக்கு நூறு சொல் வீதம் தேய்ந்துகொண்டு வருகிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது காலணியை மாட்டிக்கொண்டே, “பாட்டி எவ்வளவு?” என்று கேட்பாள். எப்படி என்று கேட்கவேண்டும் என்று முதலில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். அவளாவது கேட்கிறாளே. தவிர, நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

2

அம்மாவின் பெயர் பிலோமினா. சாந்தோமில் இருக்கும் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் கணக்கு டீச்சர். இப்போது எழுபத்தொன்று. அப்பா போனபிறகு இரண்டாவது மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, தானே போட்டுக்கொள்வார். “பித்தாகரஸ் தேற்றத்தையே பத்தாங் கிளாஸுக்குள்ள ஏத்திட்டேன், இந்த ஊசி ஏறாதா?” என்பார்.

போன நவம்பரில் ஒருநாள் காலை பத்து மணிக்குக் கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஏதோ கொடுக்க மாடிக்குப் போயிருக்கிறார். கதவு திறந்தே கிடந்தது. அம்மா குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். சேலையெல்லாம் வியர்வை. பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஸ்டெல்லா அக்காவைப் பார்த்து, “நோட்டை எடுத்துட்டு வந்தியா?” என்று கேட்டாராம். அக்கா சமயோசிதமாகச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார். பிழைத்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் அம்மா சொல்லவில்லை. “ஏம்மா சொல்லல?” என்று கத்தினேன். “சொன்னா நீ அங்கேர்ந்து இன்னா பண்ணுவே? அழுவே. அதைப் பார்த்து நான் அழணும்” என்றார். அம்மா ‘இன்னா’ என்று பேசினால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். டீச்சர் என்பதால் மற்ற நேரத்தில் ‘என்ன’தான்.

அன்றைக்குத்தான் இந்த வில்லையை வாங்குவது என்று முடிவுசெய்தேன்.

3

வாங்குவது சுலபம். பேசவைப்பதுதான் கஷ்டம்.

இங்கே வாங்கிய வில்லை இங்கத்திய செயலியோடுதான் பேசும். இந்தியக் கணக்கு திறந்த கைப்பேசியைக் கண்டால் ஊமையாகிவிடும். உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பியானோ இசை. பிறகு ஒரு பெண் வந்தாள். நோயாளி எந்த நாட்டில் வசிக்கிறார் என்றாள். இந்தியா என்றேன். அப்படியானால் முடியாது என்றாள். நோயாளிக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று அடுத்த கேள்வி. “அம்மா” என்று தமிழில் சொல்லிவிட்டேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள்.

கடைசியில் ரீனாதான் வழி கண்டுபிடித்தாள். அம்மாவுக்கு ஆஸ்திரேலியக் கணக்கு ஒன்றைத் திறந்து, எங்கள் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டோம். ஆகவே அந்தச் செயலியின் ஏட்டில் அம்மா எங்களோடுதான் இருக்கிறார், கொல்லைப்பக்கத்து அறையில். அம்மாவை வரவழைக்க நான் போட்ட விசா விண்ணப்பம் இன்னும் ஏதோ ஓர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு கடிதம் வரும். செயலிக்காரனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அம்மாவைக் குடியேற்றிவிட்டான்.

இன்னொரு வேடிக்கை, அளவு. நம்மூரில் சர்க்கரை நூற்றுப்பத்து என்பார்கள். இங்கே அதையே ஆறு என்பார்கள். பதினெட்டால் பெருக்கினால் நம்மூர்க் கணக்கு வரும். பதற்றத்தில் எனக்குப் பதினெட்டாம் வாய்ப்பாடு மறந்துபோகும். “அம்மா, மூணு புள்ளி நாலு காட்டுது!” என்று அலறுவேன். “அறுபத்தொண்ணு” என்று மறுமுனையில் அமைதியாகச் சொல்வார் அம்மா. அந்த அமைதியைக் கேட்டால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

வில்லைகளை ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவேன். முதல் வில்லையை ஸ்டெல்லா அக்கா கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒட்டிவிட்டார். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முகம் சுளிக்கவில்லை. “இனிமே நான் ஒரு லட்டு தின்னா மெல்போர்ன்ல மணி அடிக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

4

மணி அடித்தது. லட்டுக்கு அல்ல, பூசைக்கு.

வாரநாட்களில் கைப்பேசியில் அம்மாவின் சர்க்கரைக் கோடு ஒழுங்காகத்தான் ஓடியது. இட்லிக்கு ஏறும், ஊசிக்கு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வினோதம். சாந்தோம் தேவாலயத்தில் காலை எட்டு மணித் தமிழ்ப் பூசை. இங்கே அது பிற்பகல் ஒன்றரை. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். முதல் ஞாயிறு அங்கே சரியாக எட்டே காலுக்குக் கைப்பேசி கூவியது. மூன்று புள்ளி ஐந்து, கீழ்நோக்கி அம்பு. சாம்பார்க் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அம்மா எடுத்தார். பின்னணியில் பிரசங்கம் கேட்டது. “கோயில்ல இருக்கேன்டி” என்று கிசுகிசுத்தார். “சர்க்கரை இறங்குதும்மா! பையில இருக்கிற ஆரஞ்சு மிட்டாயை உடனே வாயில போடுங்க.” “எனக்கு ஒண்ணும் பண்ணல.” “நவம்பர்லயும் உங்களுக்கு ஒண்ணும் பண்ணல! போடுங்கம்மா.” பிறகு மிட்டாய்த் தாள் பிரியும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டபிறகுதான் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறும் அதே நேரம், அதே இறக்கம். அதற்கடுத்த ஞாயிறும். எனக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அம்மா ஞாயிறு காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு பூசைக்குப் போகிறார். வேறென்ன?

“இல்லடி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, டிபன் எடுத்து வெச்சுட்டுத்தான் ஊசி போடுறேன்” என்றார்.

“அப்புறம் எப்படி இறங்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீதான் அந்த மாதிரி மெஷினெல்லாம் பார்க்கிறவ.”

நம்பவில்லை. எழுபது வயதுக்கு மேல் அம்மாக்கள் பொய் சொல்வார்கள் என்பது என் கட்சி. வீட்டுக்கு வந்ததும் விரலில் குத்திப் பார்த்தால் நூற்றுத்தொண்ணூறு என்று காட்டியதாகச் சொல்வார். மிட்டாய் தின்றிருக்கிறீர்கள், ஏறாமல் என்ன செய்யும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். வில்லையோடு வந்த காகிதத்தில், சந்தேகம் வந்தால் விரலில் குத்திச் சரிபார்க்கவும் என்று எழுதித்தான் இருந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு மூன்று புள்ளி ஐந்தும் நவம்பர் மாதம்தான்.

ஏழு ஞாயிறு இப்படியே போயிற்று. வகுப்பில் பென்சில் விழும் சத்தத்துக்கே திரும்பிப் பார்த்த டீச்சர், கோயிலில் கைப்பை அதிர அதிர உட்கார்ந்திருந்தார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். இதையெல்லாம் நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. கோடு ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தேன். ஏறியது. அம்மாவை இங்கிருந்தே காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட.

5

பிப்ரவரியில் அப்பாவின் பத்தாம் வருட நினைவுப் பூசை. அதற்காகத் தனியாகச் சென்னை வந்தேன். ரீனாவுக்கு நீச்சல் போட்டி. “நான் பாட்டியை ஃபோன்ல பார்த்துக்கிறேன்” என்றாள். அவள் பார்க்கப்போவது கோட்டைத்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் பெயரைப் பூசையில் வாசிப்பார்கள் என்பதால் அம்மா ஆறு மணிக்கே எழுந்து, கரும்பச்சைப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். தலையில் ஒரு முழம் மல்லிகை. அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. இரண்டு மாதமாகத் தினம் ஐம்பது தடவை பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் அவருடைய முகத்தை அல்ல.

அம்மா சொன்னது உண்மைதான். ஊசி போடாமல்தான் கிளம்பினார். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படியானால் இன்று இறங்காது என்று நிம்மதியாக நடந்தேன்.

எட்டே கால். பிரசங்கம். என் மடியிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. மூன்று புள்ளி நான்கு. கீழ்நோக்கி அம்பு. அம்மாவின் கையைப் பிடித்தேன். இதமான சூட்டோடு இருந்தது. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. இருந்தாலும் அவர் பையைத் திறந்து மிட்டாயைப் பிரித்து நீட்டினேன். அம்மா மிட்டாயைப் பார்த்தார். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் வைத்திருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். பிறகு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

திருவிருந்து நேரம் வந்தது. அப்பம் வாங்குவதை எங்கள் வீடுகளில் ‘நன்மை வாங்குவது’ என்போம். வரிசை வரிசையாக எழுந்தார்கள். எங்கள் முறை வந்ததும் நானும் எழுந்தேன். அம்மா கால்களை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார். எழவில்லை.

“வாங்கம்மா.”

“நீ போ.”

நான் போகவில்லை, அம்மா பக்கத்திலேயே திரும்ப உட்கார்ந்தேன். எங்களைத் தாண்டிக்கொண்டு ஊரே போய்வந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா நன்மை வாங்காத பூசை கிடையாது. அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட முதல் ஆளாக எழுந்து போனவர், அவருடைய பத்தாம் வருடப் பூசையில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா அக்கா என்னை ஒரு தூணின் பக்கம் இழுத்துப் போனார்.

“ஜெசி, தப்பா எடுத்துக்காதே. உங்கம்மாவுக்கும் ஃபாதருக்கும் எதுனா சண்டையா?”

“இல்லையே, ஏன்க்கா?”

“கிறிஸ்மஸ் கழிச்சு ஒரு வாரம்கூட டீச்சர் நன்மை வாங்கல. எல்லாரும் போய்ட்டு வர்றோம், அவங்க மட்டும் குந்திகினு இருக்காங்க. ஆளாளுக்கு ஒண்ணு பேசிக்கினு இருக்காங்கம்மா. நான் கேட்டா, ஒண்ணும் இல்ல ஸ்டெல்லான்றாங்க.”

நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது விதி. அம்மாவுக்கு அதுவும் போதாது. அவர் வளர்ந்த காலத்து முறைப்படி முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு சரி. அப்படிப்பட்டவர் வாயில் எட்டே காலுக்கு மிட்டாயைப் போடவைத்தது யார்? நான்தான். ஏழு வாரம் தொலைபேசியில், எட்டாவது வாரம் என் கையாலேயே.

6

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன்.

“நோயாளிகளுக்கும் வயசானவங்களுக்கும் அந்த விதி கிடையாதும்மா. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அதுக்கு நான் நோயாளின்னு முதல்ல நான் ஒத்துக்கணுமே.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா? மிட்டாய் வேணாம், நன்மைதான் முக்கியம்னு நீ சொல்லியிருப்பியா? நீ அங்க பயந்துட்டுக் கிடந்தே. நான் எழுந்திரிக்காம உட்கார்ந்தா உன் பயம் அடங்குதுன்னா, சரி, உட்கார்ந்துட்டுப் போறேன்னு இருந்தேன்.”

சொல்லிவிட்டு உடை மாற்ற உள்ளே போனார். நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, அம்மா மேல் கோபமாகவும் இருந்தது.

“ஜெசி, இதைக் கொஞ்சம் உருவி விடு” என்று கூப்பிட்டார். போனேன். பட்டு ஜாக்கெட்டின் கை, மேற்கையைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. உள்ளே லைனிங் துணி வேறு. இழுத்துக் கழற்றினேன். வில்லையைச் சுற்றித் தோலில் சிவப்பாக ஒரு வட்டம் அமுங்கியிருந்தது. வில்லை பதிந்த பள்ளம்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கைப்பேசியைப் பார்த்தேன். கொஞ்சநேரத்தில் கோடு விறுவிறுவென்று ஏற ஆரம்பித்தது. மிட்டாய் ஏற்றும் ஏற்றம் அல்ல அது. மூடிய குழாயைத் திறந்துவிட்ட மாதிரி.

இப்போது என் வேலையைச் சொல்லவேண்டும். சொல்லத்தான் நாக்கூசுகிறது. மெல்போர்னில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நாளைக்கு வரப்போகும் ஒட்டுகளை, வியர்வையிலேயே சர்க்கரை பார்க்கும் நானோப் பூச்சு ஒட்டுகளை, அங்கே சோதிக்கிறார்கள். என் மேசையில் ரப்பர் போன்ற போலித்தோல் ஒன்று இருக்கும். அதில் ஒட்டை ஒட்டி, மேலே எடைக்கல் வைத்து, அழுத்தினால் எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துவைப்பது என் வேலை. தோலை அழுத்தினால் அந்த இடத்து நீரோட்டம் குறையும், வில்லையும் இல்லாத இறக்கத்தைக் காட்டும். இதை நான் புதிதாக வரும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். படுக்கும்போது அந்தக் கையின் மேல் படுக்காதே என்று எல்லோருக்கும் சொல்கிறேன். ஊருக்குத்தானடி உபதேசம். சொந்த அம்மாவின் ஜாக்கெட் கை எனக்குத் தோன்றவில்லை. ஆய்வகத்தில் யாரும் ஜாக்கெட் போட்டுப் பார்த்ததும் இல்லை.

வாரநாட்களில் அம்மா துவைத்துத் துவைத்துத் தொளதொளத்த பருத்தி ஜாக்கெட்டோ நைட்டியோதான். பூசைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பட்டு. பட்டு ஜாக்கெட் ஏன் இவ்வளவு இறுக்கம்? மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு மயிலாப்பூருக்குப் போனேன். மெட்ரோ வேலைக்காக ஆட்டோ ஊரைச் சுற்றிக்கொண்டு, கச்சேரி சாலைக்குப் பக்கத்துச் சந்தில் சேகர் மாஸ்டர் கடை முன்னால் இறக்கிவிட்டது. அம்மாவுக்கு முப்பது வருடமாகத் தைப்பவர்.

“மாஸ்டர், ஏன் கையை இப்படிப் பிடிச்சுத் தைக்கிறீங்க?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். பிறகு அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து, அதிலிருந்து வெளுத்துப்போன சந்தனநிற ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டார். அம்மாவின் அளவு ஜாக்கெட். நான் பள்ளியில் படித்த காலத்தில் தைத்தது. புதுத்துணி கொடுக்கும்போதெல்லாம், “அதே அளவு” என்று அம்மா சொல்வதும், இவர் அதை வைத்து வெட்டுவதும் வழக்கம்.

“இன்னாம்மா செய்யச் சொல்றே? டீச்சர் கை ரெண்டு இஞ்ச் பெருத்துப்போய்க் கீது, அது எனக்குத் தெரியாதா? அளவு ஜாக்கெட்டைத் தாண்டித் தெச்சா என்னைய ஸ்கூல் புள்ளையாட்டம் நிக்க வெச்சுக் கேப்பாங்களே!”

“நீங்க சொல்லியிருக்கலாமே மாஸ்டர்” என்றார் அம்மா.

“டைட்டா கீதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே டீச்சர்!”

அம்மா அந்தப் பழைய ஜாக்கெட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. தையல்காரர் சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை, ஏழு வாரமாக நான் யாரையும் சொல்லவும் விடவில்லை. மாஸ்டர் டேப்பை எடுத்து, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அம்மாவின் கையைச் சுற்றி அளந்தார். எண்ணை அவர் உரக்கச் சொல்லக்கூடாது என்று அம்மா கேட்டுக்கொண்டார். நான்கு ஜாக்கெட்டுகள் புது அளவில் தைத்தோம். பழைய பட்டு ஜாக்கெட்டுகளை மட்டும் எவ்வளவு சொல்லியும் பிரிக்க விடவில்லை.

7

நான் கிளம்பும் நாளன்று அம்மா ஒரு நிபந்தனை போட்டார். டீச்சர் குரலில்தான்.

“பூசை நேரத்துல நீ ஃபோன் பண்ணக் கூடாது. எட்டுலேர்ந்து ஒன்பதேகால் வரைக்கும். எது காட்டினாலும் சரி. எனக்கு எதுனா பண்ணினா எனக்கே தெரியும்.”

“நவம்பர்ல தெரியலையேம்மா.”

“ஜெசி.”

“சரிம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

திரும்பி வந்தபிறகு மூன்று ஞாயிறுகள் நன்றாகப் போயின. எட்டே காலுக்கு ஆறு புள்ளி இரண்டு, ஐந்து புள்ளி ஒன்பது, ஆறு. அம்மா நன்மை வாங்கினார் என்று ஸ்டெல்லா அக்காவின் செய்தி தவறாமல் வந்தது. ரீனாவிடம் காட்டினேன். “ஸோ பாட்டி இஸ் ஹேப்பி” என்றாள். ஆமாம் என்றேன்.

நான்காவது குருத்தோலை ஞாயிறு. ஓலை பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் பவனி வந்து பிறகுதான் பூசை. எட்டே காலுக்கு நான்கு புள்ளி நான்கு. எட்டரைக்கு மூன்று புள்ளி எட்டு. கைப்பேசி கூவியது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் நின்றேன்.

பெருநாள் அல்லவா, பழைய பட்டு ஜாக்கெட்டைப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். போட்டிருக்கவேண்டும் என்று வேண்டினேன். அல்லது வெயிலில் நடந்ததால் நிஜமாகவே இறங்குகிறதா? வேண்டாத சந்தேகமெல்லாம் வந்தது. இழைக்கு எது தெரியும்? சதைக்குள் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். எந்த ஜாக்கெட் என்று தெரியாது. ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. அவரும் பூசையில்தான் இருப்பார். மூன்று புள்ளி நான்கு. பதினெட்டால் பெருக்க முயன்று கைவிட்டேன். அம்மாவின் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தேன், எடுத்தேன். இன்னொரு தடவை அவரை அந்தப் பெஞ்சில் உட்காரவைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். பொய்யான இறக்கத்துக்கு ஏழு வாரம் கூப்பிட்டவள், மெய்யோ பொய்யோ தெரியாத ஒன்றுக்குக் கூப்பிடாமல் நின்றேன். மூன்று புள்ளி ஒன்று. ரீனா வந்து, “கால் ஹெர், அம்மா!” என்றாள். கூடாது என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

எண் கொஞ்சநேரம் அங்கேயே நின்றது. பிறகு மூன்று புள்ளி ஐந்து. நான்கு. நான்கரை. ஜாக்கெட்தான், ஜாக்கெட்தான் என்று ரீனாவிடம் சொன்னேன். அங்கே ஒன்பதரை மணிக்கு அம்மாவே கூப்பிட்டார்.

“பழைய ஜாக்கெட்டாம்மா?” என்றுதான் முதலில் கேட்டேன்.

“இல்லடி. புதுசு.”

கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

“தவக்காலம்னு நேத்து ராத்திரி கஞ்சியோட நிறுத்திட்டேன். சாயங்கால ஊசியை மட்டும் எப்பவும் போலப் போட்டுக்கிட்டேன். கணக்கு டீச்சருக்கு அந்தக் கணக்கு தப்பிப்போச்சு. பவனி முடிஞ்சு உட்கார்ந்தப்புறம் வேர்த்துக் கொட்டிச்சு. கையில ஓலை நிக்கல. மூணு மிட்டாயைப் பிரிச்சு ஒண்ணா வாயில போட்டேன்.”

“நன்மை?”

“வாங்கினேன். மிட்டாய் முழுசாக் கரையறதுக்குள்ள நம்ம வரிசை வந்துருச்சு, ஸ்டெல்லாவைப் புடிச்சுக்கிட்டே போயிட்டேன். நோயாளிதான்னு ஆண்டவர்கிட்ட ஒத்துக்கிட்டேன், போ.” மூச்சு வாங்கினார். “ஃபோனைப் பையிலேர்ந்து எடுத்து மடியில வெச்சுக்கிட்டே இருந்தேன். இதோ கூப்பிடுவா, இதோ கூப்பிடுவான்னு. பயமாயிருந்துச்சு ஜெசி. ஏன்டி கூப்பிடல?”

“நீங்கதானேம்மா கூப்பிடக் கூடாதுன்னு சொன்னீங்க?”

“சொன்னேன்தான்” என்றார் அம்மா. “நான் சொன்னதை நீ என்னைக்குக் கேட்டிருக்கே?”